வேலியோரத்து அரளி

இரண்டாவது கோழியும் செத்துக் கிடந்ததைப் பார்த்ததும் சுலஸ்த்ரிக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. எல்லாம் அடுத்த வீட்டு வாகிரன் வேலைதான். பயற்றம் பாத்தியைக் கோழிகள் கிளறிவிட்டன என்று போன மாதம் சண்டைக்கு வந்தவர். அந்த ஆத்திரத்தில்தான் அவள் எட்டுக் கோழிகளையும் கொல்லையில் கம்பிவலை கட்டி அடைத்துப் போட்டிருந்தாள். அடைத்தும் சாகிறதென்றால், வலைக்குள்ளே எதையோ வீசுகிறார்.

தெம்பே என்னும் சோயாக் கட்டிகளைப் பொரிக்கும்போதும் கவனமெல்லாம் கோழிகள்மீதுதான். அடுப்பைத் தணித்துவிட்டுக் கொல்லைக்கு ஓடுவாள், திரும்புவாள், மறுபடி ஓடுவாள். வெள்ளிக்கிழமை குர்ஆன் ஓத ஒன்றுகூடிய பெண்களிடம், விஷம் வைக்கிறவர் பக்கத்தில் எப்படிக் குடியிருப்பது என்று கேட்டே விட்டாள். அதன்பின் வாகிரனிடம் தெருவில் யாரும் முகம்கொடுத்துப் பேசவில்லை. அதைப் பார்த்து மனசு ஆறியிருக்க வேண்டும். ஆறவில்லை.

மூன்றாவது கோழியும் செத்த அன்றே அதைப் பையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனாள். விஷம்தான் என்று எழுதி வாங்கிவிட்டால் ஊர்த்தலைவரிடம் காட்டலாம்.

மருத்துவர் சின்ன வயசுப் பெண். இரைப்பையைக் கீறி, உள்ளே இருந்த பச்சைத் துணுக்குகளைக் கழுவித் தட்டில் பரப்பினாள்.

"விஷம்தான்க்கா. அரளி இலை. உங்க வீட்ல இருக்கா?"

சுலஸ்த்ரி வீட்டு வேலி நெடுக அரளிதான். பூவுக்காக அவளே நட்டது. வலையையும் அதை ஒட்டித்தான் கட்டியிருந்தாள்.

"வெளிய மேயுற கோழி பெரும்பாலும் அதைத் தொடாது. அடைச்சு வச்சு, வேற பச்சை கிடைக்கலைன்னா கொத்திடும்" என்றாள் மருத்துவர்.

வீட்டுக்கு வந்ததும் மிச்சமிருந்த ஐந்தையும் முன்வாசலில் கூடையால் கவிழ்த்து மூடினாள். முகம்கூடக் கழுவாமல் வாகிரனிடம் போனாள். அவர் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்க இல்ல. என் வேலி அரளிதான்."

"நான் இல்லன்னு எனக்குத் தெரியாதா? எங்கிட்ட எதுக்குச் சொல்ற? எங்கெல்லாம் சொன்னியோ அங்க போய்ச் சொல்லு."

அடுத்த வெள்ளி வரை பொறுக்க அவளால் முடியவில்லை. அப்போதே புறப்பட்டு, ஓத வந்திருந்த பெண்களின் ஒன்பது வீடும் ஏறி இறங்கினாள். சிலர் சிரித்தார்கள். ஒருத்தி கதவைப் பாதிதான் திறந்தாள். தான் சொன்னது பொய் என்று ஒவ்வொரு படியிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

சாயங்காலம் அரளியை வெட்டத் தொடங்கினாள். பாதி வேலி சாய்ந்தபோது அந்தப் பக்கமிருந்து வாகிரனின் குரல் வந்தது.

"எரிச்சிடாத. அந்தப் புகையும் ஆகாது. ஆழமா புதை."

அவ்வளவுதான் சொன்னார். மன்னித்தாரா இல்லையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கேட்கவும் துணிவில்லை. மண்வெட்டியை எடுத்துக் குழி தோண்டினாள். நடுநடுவே கையை உதறிக்கொண்டு வாசலுக்குப் போய், கூடைக்குள் ஐந்தும் அசைகின்றனவா என்று குனிந்து பார்த்துவிட்டு வந்தாள்.