தங்கை மூத்தவளான திங்கட்கிழமை

குழந்தைகள் காப்பகம் தொடங்கிய பதினோராம் வருஷம், ஒரு திங்கட்கிழமை காலையில், தங்கைக்கு அக்காவைவிட இரண்டு நாள் வயது கூடிப்போயிற்று. பிறந்தபோது அவள் மூன்று வருஷம் இளையவள். இதில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் அந்த வீட்டுக் கடிகாரத்தின் சங்கதி தெருவுக்கே தெரியும்.

பெரியவள் தன் வீட்டு முன்னறையில் ஆறேழு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டாள். காலை எட்டு முதல் மாலை ஆறு வரை என்று கதவில் எழுதி ஒட்டித்தான் இருந்தது. எழுத்தை யார் மதித்தார்கள்? டயப்பர் இல்லாமல் பை வரும். விடியற்காலையில் காய்ச்சல் மருந்தைப் புகட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள்போலக் குழந்தையை விட்டுப் போவார்கள். பதினோரு மணிக்கு மருந்தின் வேகம் தணிந்து உடம்பு அனலாகும்போது அவர்கள் போன் அணைந்திருக்கும். பெரியவளுக்கு 'முடியாது' என்று சொல்ல வாயே வராது. அம்மா போனபோது அவளுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஏழு. அன்று முதல் எல்லோரையும் தாங்கியே பழகிவிட்டாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

அவளுக்காக முன்னறையே ஒரு வழி செய்தது. மாலை ஆறு மணிக்கு ஒரு குழந்தையாவது மிச்சமிருந்தால் சுவர்க் கடிகாரம் நின்றுவிடும். கடைசிப் பிள்ளையை வந்து தூக்கும்வரை அந்த அறைக்குள் ஆறு மணிதான். உள்ளே இருப்பவர்களுக்குப் பசிக்காது, வயதாகாது, காத்திருந்ததே தெரியாது. தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்த்த சின்னவள் பின்வாசல் வழியாகச் சமையலறைக்கு வருவாள். அங்கே நேரம் வழக்கம்போல ஓடியது. கதவுத் திரையை விலக்கிப் பார்த்தால், அக்கா ஒரு மரப் பொம்மையை எடுக்கக் குனிந்துகொண்டிருப்பாள். சின்னவள் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்த பிறகும் குனிந்தபடியே இருப்பாள். பெரியவள் சமையலறைக்குள் வரும்போது மணி ஒன்பதாகியிருக்கும், சாப்பாடு ஆறியிருக்கும், தங்கை தூங்கிப்போயிருப்பாள். வீட்டில் இருந்ததே இரண்டு பேர். அவர்கள் சேர்ந்து சாப்பிட்டு வருஷக்கணக்காயிற்று.

விஷயம் தெரிந்ததும் பெற்றோர்களுக்குக் கொண்டாட்டம். ராத்திரி எட்டரைக்கு வந்துவிட்டு, ஆறுதானே ஆகிறது என்று சுவரைக் காட்டினார்கள். அவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்கள் பல் டாக்டரும் அவர் மனைவியும். மூத்தவன், நடுவன், கடைக்குட்டி என்று தங்கள் மூன்று பிள்ளைகளையும் ஒருவன் பின் ஒருவனாக வெள்ளிக்கிழமை எடுக்காமலே விட்டார்கள். திங்கட்கிழமை விடிந்ததும் வந்து எடுத்து, எட்டு மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். ஒருமுறை வெளியூர் போய்விட்டு ஒன்பது நாள் கழித்து, முகத்தில் நல்ல களையோடு வந்து நின்றார்கள். அவன் வயதுப் பிள்ளைகள் ஓடி விளையாடும்போது கடைக்குட்டி அப்போதுதான் நிற்கப் பழகினான். போன வருஷத்துச் சட்டை இந்த வருஷமும் சரியாக இருக்கிறதே என்று அவன் அம்மா சந்தோஷப்பட்டாள்.

சின்னவள் பலமுறை சொல்லிப் பார்த்தாள். நீ சின்னப் பொண்ணு, உனக்கு ஒன்றும் தெரியாது என்று பெரியவள் அவள் வாயை அடைத்துவிடுவாள். இதற்கிடையில் சின்னவளுக்குக் காதோரம் நரைத்தது, பெரியவளுக்கு நரைக்கவில்லை. இப்படியே போனால் அக்காவை நடுவழியில் விட்டுவிட்டுத் தான் மட்டும் கிழவியாகிவிடுவோமே என்று அவளுக்குப் பயம் வந்தது. நாளெல்லாம் தேதி முத்திரை குத்துகிறவள் அல்லவா, நின்றுபோன நேரத்தையெல்லாம் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தாள். அந்தத் திங்கட்கிழமை கணக்கு மறுபக்கம் சாய்ந்தது. பெரியவளை முக்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று தலைவாரத் தொடங்கினாள்.

"இன்னையிலேர்ந்து நான்தான் மூத்தவ. நான் சொல்றத நீ கேக்கணும்."

பெரியவள் மறுக்க வாயெடுத்தாள். தன் தலையை இன்னொருவர் வாரிவிட்டு எவ்வளவு காலமாயிற்று என்ற நினைப்பு வந்ததும் தலையைப் பின்னால் சாய்த்துக் கொடுத்தாள். கண் கலங்கியது. பின்னல் முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை ஆறடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது சின்னவள் முன்னறைக்குள் வந்தாள். மிச்சமிருந்தது கடைக்குட்டி மட்டும். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்று தெரு தள்ளியிருந்த கிளினிக்குக்கு நடந்தாள். டாக்டர் ஒரு நோயாளியின் வாய்க்குள் கையை விட்டிருந்தார். அவர் மடியில் பிள்ளையை உட்காரவைத்தாள்.

"எங்க கவுண்டர் ஆறு மணிக்கு மூடிடும் டாக்டர். நாளைக்கும் ஆறுதான்."

வாயைத் திறந்தபடி கிடந்த நோயாளிதான் சரி என்று தலையாட்டினார். சின்னவள் திரும்பி வந்தபோது முன்னறைக் கடிகாரத்தில் ஆறு இருபது. இரண்டு பேரும் சூடாகச் சாப்பிட்டார்கள். பெரியவள் மூன்று முறை போட்டுக்கொண்டாள்.

ஒரே மாதத்தில் எல்லோரும் நேரத்துக்கு வரப் பழகினார்கள். கோபித்துக்கொண்டு போனவர்கள் இரண்டு பேர், அவர்களும் திரும்பி வந்தார்கள். பெரியவளுக்குப் பெற்றோர்கள்மேல் இருந்த மனத்தாங்கல் கரைந்துபோய், நன்றியே வந்தது. அவர்கள் ஒழுங்காக வந்திருந்தால் இந்த ஜன்மத்தில் அவளுக்கு ஒரு அக்கா கிடைத்திருப்பாளா? பல் டாக்டரைக் கண்டால் மனதாரச் சிரித்தாள். அவருக்குக் காரணம் விளங்கவே இல்லை.

பிறகொரு நாள், குழந்தையைச் சேர்க்க வந்த புதுத் தாய் ஒருத்தி, எப்போதாவது அரைமணி முன்னே பின்னே ஆனால் பரவாயில்லைதானே என்று கேட்டாள். முன்பென்றால் பரவாயில்லை என்று வாய் தானாகச் சொல்லியிருக்கும்.

"அக்காவத்தான் கேக்கணும்," என்ற பெரியவள், உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே அக்கா வந்தாள்.