மூன்று நாள் பத்தியம்

தங்கமுத்து பொய்க்காரி இல்லை. இதை முதலே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் அவளை ஏசும்போது எனக்கு மனம் கேட்காது, பிள்ளையள். அவள் சொன்னது ஒரேயொரு பொய்தான்.

உரும்பிராயில் வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்குப் பலகாரம் செய்து கொடுக்கிறவள் அவள். பயற்றம் பணியாரம், அரியதரம், முறுக்கு. ஐம்பத்தெட்டு வயது. புருஷன் இல்லை, மகள் பிரான்சில். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, பிடித்து ஆறு வருஷம். பலகாரக்காரிக்குச் சீனி வருத்தம் வந்தால் அவள் என்னதான் செய்வாள், சொல்லுங்கோ? பாகின் பதத்தைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது, நாக்கிலும் வைத்துப் பார்க்கவேணும். உடைந்த பணியாரத்தைப் பார்சலில் வைக்க ஏலாது, எறியவும் மனம் வராது. அது அவளின் வாய்க்குள்தான் போகும்.

ஒவ்வொரு மாதமும் கடைசிச் செவ்வாய்க்கிழமை கிளினிக். இரண்டு பஸ் தரிப்புத் தள்ளியிருந்த ஆஸ்பத்திரியில் வெறுவயிற்றோடு விரலில் குத்தி இரத்தம் பார்ப்பார்கள். தொடக்கத்தில் ஒருமுறை அவளுக்கு இருநூற்றெண்பது காட்டியது. மகன் வயதுள்ள டொக்டர் நாற்பது சனத்துக்கு முன்னால் சத்தம் போட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்து, அன்று முழுக்கப் படுத்தே கிடந்தாள்.

அடுத்த மாதம் கிளினிக்குக்கு முந்தின சனிக்கிழமையே அடுப்பை மாற்றினாள். காலையில் குரக்கன் பிட்டு, அதாவது கேழ்வரகுப் பிட்டு. மத்தியானம் கொஞ்சம் சிவப்பரிசிச் சோறும் பாவற்காயும் முருங்கையிலை வறையும். இரவு இரண்டு குரக்கன் ரொட்டி. ஞாயிறும் திங்களும் அப்படியே. அந்த மூன்று நாளும் பலகார ஓடர் எடுக்கவில்லை. செவ்வாய் காலை நூற்றுப் பதினெட்டு.

பிறகு ஒவ்வொரு மாதமும் இதே வேலைதான். மூன்று நாள் பத்தியம், மிச்ச நாளெல்லாம் பழையபடி. கிளினிக் கொப்பியில் வரிசையாக நல்ல இலக்கம் விழுந்தது. தர்சிகா மிஸ்ஸி, அதுதான் அங்கே இரத்தம் பார்க்கிற தாதி, அவளை எழுப்பி நிறுத்தி, "தங்கமுத்து அம்மாவைப் பாருங்கோ, வாயைக் கட்டினால் இப்பிடி வரும்" என்று எல்லோருக்கும் காட்டத் தொடங்கினாள். எட்டாம் வகுப்போடு நின்றவள் தங்கமுத்து. யாரும் அவளை எழுப்பி நிறுத்திப் புகழ்ந்தது கிடையாது. அவளுக்கு அது பிடித்துப் போயிற்று. அதைக் குற்றம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அடுத்த வளவில் இருந்தவர் அருமைநாயகி ரீச்சர். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர், அறுபத்தாறு வயது. அவரின் மனிசன் ஆழ்வாப்பிள்ளை தோட்டக்காரர், வெங்காயமும் பீற்றூட்டும் போடுகிறவர். பிள்ளைகள் இல்லை. ரீச்சருக்கும் சீனி வருத்தம். டொக்டர் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்கிறவர் அவர். சோற்றைச் சிரட்டையால் அளப்பார். கலியாண வீட்டில் பாயாசம் வந்தால் கையை நீட்டமாட்டார். ஆனால் சிலருக்கு உடம்பு அப்படி. எவ்வளவு கட்டினாலும் விடியற்காலையில் சீனி ஏறித்தான் நிற்கும். ரீச்சருக்கு எப்போதும் இருநூற்று இருபது, இருநூற்று நாற்பது.

புரட்டாதி மாதக் கிளினிக்கில் இருநூற்று அறுபத்திரண்டு காட்டியது. டொக்டர் குளிசையை, அதுதான் மாத்திரையை, கூட்டி எழுதினார். தர்சிகா மிஸ்ஸி கெட்டவள் இல்லை, வேலைக் களைப்பில் பகிடி விடுகிறவள். "ரீச்சர், குசினிக்குள்ளை கதவைச் சாத்திப்போட்டுச் சீனிப் போத்தலைத் திறக்கிறியளோ?" என்று கேட்டுவிட்டாள். முறைக்குக் காத்து வாங்குப் பலகையில் இருந்த சனம் சிரித்தது. அவரிடம் படித்த இரண்டு பேரும் அதில் இருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். "உங்கடை பக்கத்து வீட்டிலைதானே தங்கமுத்து அம்மா இருக்கிறா? கேட்டுப் பழகுங்கோ" என்று மிஸ்ஸி முடித்தாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ரீச்சரும் தங்கமுத்துவும் அருகருகே இருந்தார்கள். ரீச்சர் பையிலிருந்து ஒரு கடதாசியையும் பேனையையும் எடுத்து, நீ சாப்பிடுகிறதைச் சொல்லு என்று தங்கமுத்துவிடம் கேட்டார். உண்மையைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். ஆனால் ஊருக்கே கணக்குப் படிப்பித்த மனுஷி, தான் சொல்வதை எழுதுவதற்குப் பேனையோடு காத்திருந்தார். அந்தக் கணத்தில் தங்கமுத்துவுக்கு நாக்குப் புரண்டுவிட்டது. மூன்று நாள் சாப்பாட்டை முப்பது நாள் சாப்பாடாகச் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். இன்னும் நல்லாக இருக்கட்டும் என்று அளவையும் குறைத்தாள். பிட்டு ஒரு சிரட்டை என்பது அரைச் சிரட்டையாகியது. சோறு மூன்று கரண்டியாகியது.

"இரவு?" என்று ரீச்சர் கேட்டார்.

"இரவிலை ஒண்டுமில்லை அக்கா. ஒரு கிளாஸ் மோர்."

ரீச்சர் அதையும் எழுதி, கீழே கோடு போட்டார்.

அடுத்த கிளினிக்கில் ரீச்சருக்கு நூற்று முப்பத்தொன்று. மிஸ்ஸி கைதட்டினாள். குளிசை நல்லாக வேலை செய்கிறது, அப்படியே போடுங்கோ என்று டொக்டர் எழுதினார். சாப்பாடு பாதிக்கு மேல் குறைந்ததை அவர் கேட்கவுமில்லை, ரீச்சர் சொல்லவுமில்லை. தங்கமுத்துவுக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கிற்று. பொய்தான் என்றாலும் நன்மையாகத்தானே முடிந்தது என்று நினைத்தாள்.

ஆனால் ரீச்சர் தங்கமுத்துவைப்போல நூற்றுப் பதினெட்டுக்கு வரவேணும் என்று நின்றார். மூன்று கரண்டிச் சோறு இரண்டாகியது. கழுத்தெலும்பு தெரியத் தொடங்கியது. ஆழ்வாப்பிள்ளை வேலியோரம் நின்று, "தங்கச்சி, இவள் காத்தடிச்சால் பறந்திடுவாள் போலை கிடக்கு" என்று தங்கமுத்துவிடம் சொல்லிச் சிரித்தார். சிரிப்புக்குள் கவலையும் இருந்தது.

கார்த்திகை மழை தொடங்கியிருந்த ஒரு முற்பகலில் ரீச்சர் தங்கமுத்துவின் குசினிக்கு வந்தார். தாச்சியில் அரியதரம் பொரிந்துகொண்டிருந்தது. ஊரே குளிரில் நடுங்க, ரீச்சரின் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. வாங்கில் இருந்தவரின் கை தன்பாட்டில் ஆடியது. எதற்கு வந்தேன் என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

தங்கமுத்துவுக்கு விளங்கிவிட்டது. சீனி இறங்கினால் நடுங்கும், வியர்க்கும், உடனே இனிப்பைக் கொடுங்கோ என்று மிஸ்ஸி எத்தனை தரம் சொல்லியிருக்கிறாள். பிளேன்ரீயில் மூன்று கரண்டி சீனியைப் போட்டுக் கலக்கி, கையில் கொடுத்தாள். ரீச்சர் இரண்டு மிடறு குடித்துவிட்டு நிறுத்தினார்.

"சீனி போட்டிருக்கிறாய்."

"களைச்சுப் போனியள் அக்கா. இண்டைக்கு ஒருநாள் குடியுங்கோ."

"நீ குடிப்பியோ?"

பிள்ளையள், அந்த இடத்தில்தான் சொல்லியிருக்கவேணும். ஓம் அக்கா, நான் குடிப்பன், இந்தத் தாச்சிப் பலகாரமும் தின்பன் என்று. தங்கமுத்துவின் உதட்டோரத்தில் பாகு ஒட்டிக்கூட இருந்தது. ஆனால் இன்னும் ஒன்பது நாளில் ஆஸ்பத்திரியின் நீரிழிவு நாள் கண்காட்சி. அவளின் படத்தைப் பெரிதாக ஒட்டி, பக்கத்தில் அவளின் ஒரு நாள் சாப்பாட்டை எழுதி வைக்கப்போகிறார்கள். அவள் மேடையில் பேசவும் வேணும். அது முடியட்டும், அன்று பின்னேரமே சொல்லிவிடுகிறேன் என்று தனக்குள் தவணை போட்டாள்.

"இல்லை அக்கா" என்றாள்.

ரீச்சர் தேநீரை வாழைமரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தார். அந்த இரண்டு மிடறாலோ என்னவோ கொஞ்ச நேரத்தில் தெளிந்து எழும்பிப் போனார்.

கண்காட்சியன்று மண்டபம் நிறையச் சனம். தங்கமுத்து சேலை மடிப்புக் குலையாமல் மேடையில் நின்று காலைச் சாப்பாட்டைச் சொன்னாள், மத்தியானத்தைச் சொன்னாள். முதல் வரிசையில் இருந்த ரீச்சரின் உதடு அவளோடு சேர்ந்து அசைந்தது. மனப்பாடம் ஒப்புவிக்கும் பிள்ளைக்கு ஆசிரியை பின்னால் நின்று எடுத்துக் கொடுப்பதுபோல. இரவு ஒரு கிளாஸ் மோர் என்றபோது தங்கமுத்து தலையைக் குனிந்தாள். சனம் அதை வெட்கம் என்று நினைத்துக் கைதட்டியது.

பஸ்ஸால் இறங்கும்போது ரீச்சர் அவளின் தோளைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் பாரமே இல்லை. இனிச் சொல்லவேணும் என்று அவள் திரும்பினாள். ரீச்சர் முந்திக்கொண்டார்.

"உன்னாலைதான் தங்கமுத்து, களவாய்த் தின்னுறவள் எண்ட பேர் எனக்கு இல்லாமல் போச்சு."

அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? நாளைக்கு, என்று நினைத்துக்கொண்டு படலையைத் திறந்தாள்.

விடிய ஆறரைக்கு ஆழ்வாப்பிள்ளை வேலிக்கு அங்காலிருந்து கூப்பிட்டார். ரீச்சர் எழும்பவில்லை. மூச்சு இருந்தது, பாயெல்லாம் வியர்வை. அம்புலன்சில் வந்த பெடியன் விரலில் குத்திப் பார்த்தபோது அந்தப் பொறி இலக்கம் எதையும் காட்டவில்லை. அளக்க முடியாத அளவுக்குக் குறைவு என்றுதான் காட்டியது. பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்து, ரீச்சர் போய்விட்டார்.

செத்தவீட்டில் தங்கமுத்து ஒரு மூலையில் இருந்தாள். ரீச்சரின் தமையன் மகன் கோபிசங்கர்தான் டொக்டர்மாரோடு கதைத்தவன். வெறுவயிற்றில் அவ்வளவு குளிசையையும் போட்டதில் சீனி அடியோடு இறங்கி, மூளை பட்டுப்போனது என்று அவளுக்குச் சொன்னான். அவள் தலையை ஆட்டினாள். வந்த சனம், இவ்வளவு ஒழுங்காகச் சாப்பிட்ட மனுஷிக்கே இப்படியென்றால் எல்லாம் விதி என்று சொல்லிச் சொல்லிப் போனது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் காலையில் ஆழ்வாப்பிள்ளை அவளின் வீட்டுக்கு வந்தார். அதே கடதாசி கையில் இருந்தது. கதிரையில் இருந்து அதை முழங்காலில் விரித்துத் தடவினார். எவரிடமும் சொல்லாத ஒன்றைக் கேட்க வந்திருக்கிறேன் என்றார்.

கண்காட்சியால் வந்த அன்று பின்னேரம் ரீச்சருக்குக் கை நடுங்கியதாம். பார்க்கப் பொறுக்காமல், மோருக்குள் ஒரு கரண்டி சீனியை அவருக்குத் தெரியாமல் போட்டுக் கொடுத்தாராம். ரீச்சர் முழுவதையும் குடித்துவிட்டு, இன்றைக்கு மோர் நல்லாயிருக்கு என்றாராம். கோபிசங்கர், கிழவர் மனைவியைப் பட்டினி விட்டோமே என்று வருந்தக்கூடாதென்று, சீனியாலை வந்தது மாமா என்றதோடு நிறுத்தியிருக்கிறான். கிழவர் நாற்பது நாளாக அதைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்.

"ஒரு கரண்டிதான் தங்கச்சி. நீ இதிலை அனுபவப்பட்டவள். ஒரு கரண்டி ஆளைக் கொல்லுமோ?"

தங்கமுத்து அவரின் காலடியில் நிலத்தில் இருந்தாள். மூன்று நாளைச் சொன்னாள். பஸ்ஸில் குறைத்த அளவைச் சொன்னாள். இரவில் தான் ரொட்டி தின்றதையும், மோர் என்பது தான் சோடித்த பொய் என்பதையும் சொன்னாள். தன் குசினியில் ரீச்சர் நடுங்கியதையும், தேநீரை ஊற்றியதையும், தான் வாயைத் திறக்காததையும் சொன்னாள். சீனி கூடிச் சாகவில்லை, இறங்கித்தான் செத்தவ, உங்கடை கையிலை பிழையில்லை அண்ணை என்றாள். ஒன்றையும் விடவில்லை.

அவர் ஏசுவார், அடிப்பார் என்று காத்திருந்தாள். ஆழ்வாப்பிள்ளை கடதாசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் இன்னும் ரெண்டு கரண்டி போட்டிருக்கலாம்" என்றார்.

பிறகு கடதாசியை மடித்துக்கொண்டு எழும்பி, வருகிற செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குத் தானும் வருவதாகச் சொன்னார். ரீச்சரைச் சிரித்த இடத்தில் வைத்து இதைச் சொல்லவேணும் என்றார். கெஞ்சவுமில்லை, மிரட்டவுமில்லை.

அந்தச் சனி, ஞாயிறு, திங்களில் தங்கமுத்து சாப்பாட்டில் எதையும் மாற்றவில்லை. செவ்வாய் காலையில் முந்நூற்றுப் பத்துக் காட்டியது. தர்சிகா மிஸ்ஸி பொறியைத் தட்டிப் பார்த்துவிட்டு, துக்கத்தில் கூடும் அம்மா, பயப்படாதையுங்கோ என்றாள். தங்கமுத்து வாங்கில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். எல்லாவற்றையும் சொன்னாள், மூன்று நாள் என்று, ஆறு வருஷம் என்று, ரீச்சர் களவாய்த் தின்னவில்லை என்று.

மிஸ்ஸியின் கை மேசையில் அப்படியே நின்றது. சுவரில் இன்னமும் கண்காட்சிக்கு வைத்த தங்கமுத்துவின் படம் தொங்கிக்கொண்டிருந்தது.

பிறகு பின்பக்க வாங்கில் இருந்த சிமியோன் என்ற கிழவர் தொண்டையைச் செருமினார்.

"நான் ரெண்டு நாள்தான்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. மிஸ்ஸி மெல்லக் கேட்டாள், இன்னும் ஆர் ஆர் இப்படிச் செய்கிறியள், பயப்படாமல் கையை உயர்த்துங்கோ என்று. ஒரு கை எழும்பியது. பிறகு நாலு. பிறகு எண்ண முடியாமல் எழும்பின. ரீச்சரிடம் படித்த இரண்டு பேரின் கையும் அதில் இருந்தது. மிஸ்ஸி டொக்டரைக் கூப்பிட உள்ளே ஓடினாள்.

ஆழ்வாப்பிள்ளை கதவோரத்தில் நின்று அந்தக் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எங்கடையாள் இருந்திருந்தால் கையை உயர்த்தியிருக்க மாட்டாள்" என்று சொல்லிவிட்டு, பஸ் தரிப்புப் பக்கம் நடந்தார்.