பாஸ் போட்ட இடம்

முகத்தின் மேல் வெள்ளைக் கோடுகள் ஊர்ந்துகொண்டே இருக்கின்றன, நெற்றியில் தொடங்கித் தாடைவரை இறங்கி மறுபடி நெற்றிக்கே ஏறுகின்றன, கம்ப்யூட்டரில் அளவைக் கூட்டினால் கோட்டோடு மூக்கும் போய்விடுகிறது, குறைத்தால் கோடு அப்படியே நிற்கிறது, காலையிலிருந்து தங்கபுஷ்பத்துக்கு இதே மாரடிப்பு, கண் எரிகிறது, கழுத்து பிடித்துக்கொண்டது, ஐம்பத்து மூன்று வயதில் தன் முகத்தைத் தானே தேடியெடுக்கிற பிழைப்பு எவளுக்கு வாய்க்கும். அக்கா ஞானசுந்தரியின் கல்யாண வீடியோ கேசட், தொண்ணூற்றிரண்டு, சாத்தான்குளத்துச் சர்ச், பூத்தட்டோடு தங்கபுஷ்பம் வருகிறாள், மூன்றே வினாடி, தலை நிமிர்ந்து கேமராவை நேராகப் பார்க்கிறாள், கேமராவை எங்கே பார்த்தாள், பக்கத்தில் லைட் பிடித்து நின்ற சண்முகவேலையல்லவா பார்த்தாள், கல்யாணம் முடிந்த எட்டாம் மாதம் அவனோடு பஸ் ஏறிவிட்டாள், அன்றோடு அந்த வீட்டில் அவள் பெயர் எடுப்பாரில்லை. அப்பா செத்த அன்று அக்கா ஒரே ஒருமுறை போன் செய்தாள், அப்பா தவறிட்டாவ, நீ வராத, அவ்வளவுதான், அதற்கப்புறம் போன வாரம் கூரியரில் இந்தக் கேசட், கூடவே செல்லில் அக்காவின் குரல், பாளையங்கோட்டையில நீங்க பழைய கேசட்டயெல்லாம் கம்ப்யூட்டர்ல மாத்திக் குடுக்கியளாமே, இந்தப் புள்ளி கோடெல்லாம் எடுத்துட்டுத் தெளிவாத் தா, பிள்ளைய கேக்குதுவ.

மற்ற இடமெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டது, தாலி கட்டும் இடம் கண்ணாடியாக வந்துவிட்டது, இந்த மூன்று வினாடிதான் சண்டித்தனம் செய்கிறது. புருசன் சண்முகவேல் அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார், இது பூசணம் இல்ல புஷ்பம், ஒரே எடத்துல பாஸ் பட்டன அமுக்கிப் படத்த நிறுத்தி நிறுத்திப் பாத்தா டெக்கு ஹெட்டு அங்கயே சுத்தி டேப்பச் சொரண்டிரும், யாரோ வருசக்கணக்கா ஒன்ன நிறுத்தி வச்சுப் பாத்திருக்காவ, என்று சொல்லிவிட்டு டீ வாங்கப் போய்விட்டார்.

யாரோவா, வேறு யார், அப்பாதான், மூக்கு நுனியில் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற அப்பா, இதோ டிவி முன்னால் நாற்காலியை இழுத்துப் போடுகிறார், பட்டனை அமுக்குகிறார், திரையில் அவள் நிற்கிறாள், அவரும் நகரவில்லை அவளும் நகரவில்லை, இந்த முப்பத்து மூன்று வருசமும் தன்னை ஒரு நாதியும் தேடவில்லை என்று எத்தனை நாள் அழுதிருப்பாள், அத்தனையும் வீண்தானா, கடவுளே, கேட்டுவிட வேண்டும், இன்றைக்கே கேட்டுவிட வேண்டும், அக்காவுக்குப் போன் போட்டாள்.

அப்பாவா, என்றாள் அக்கா, அவிய அந்தக் கேசட் ஓடுனா எந்திரிச்சு வெளிய போயிருவாவ, நாந்தாம்ளா பாஸ் போட்டேன், ஒன்னால எங்க மாமியா வீட்டுல நான் பட்ட பாடு கொஞ்சமா, ஓடுகாலிக்கு அக்கான்னு சோத்துத் தட்ட முன்னால வச்சுக்கிட்டே சொல்லுவாவ, மத்தியானம் எல்லாரும் அசந்ததும் கேசட்டப் போட்டு ஒன் மூஞ்சில நிறுத்தி, எடுவட்ட மூதி, நல்லாருப்பியாளான்னு ஏசுவேன், அப்பத்தான் எனக்குச் சோறு எறங்கும்.

தங்கபுஷ்பத்தின் மனசுக்குள் டிவி முன்னால் இருந்த அப்பா எழுந்து போய்விட்டார், நாற்காலி காலி, எத்தன வருசம்க்கா ஏசின என்று மட்டும் கேட்டாள். நாலஞ்சு வருசம் இருக்கும், அப்புறம் ஏச ஒண்ணுமில்லாமப் போச்சு, ஆனா அந்த எடம் வந்தா நிறுத்தாமத் தாண்டிப் போவ முடியல, மாமியாளும் போயாச்சு, எங்க வீட்டுக்காரவியளும் போயாச்சு, கடைசில கேசட்டும் நாறிப் போச்சு, அந்த மூஞ்சிய மட்டும் எப்பிடியாச்சும் எடுத்துத் தாளா.

திரையில் கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தன, அவள் அளவைக் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. அது வராதுக்கா, தேஞ்சு போச்சு, மெசின் அதுவா ஒரு மூஞ்சிய ஒப்பேத்திக் குடுக்கும், அது நானா இருக்காது, என்றாள், பிறகு இத்தனை வருசமும் கேட்கத் துணியாததைக் கேட்டாள், நான் வரட்டா.

அந்தப் பக்கம் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது, வா, என்றாள் ஞானசுந்தரி, ஆனா வந்து வாசல்லயே நின்னுக்கிட்டு அழாத, எனக்கு முட்டி ரெண்டும் போச்சு, எந்திரிச்சு வந்து ஒன்னக் கெட்டிப்பிடிக்க முடியாது, நீதான் கிட்ட வரணும்.