திரையில் மறைத்த விலாசம்

ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்த ஒரு பள்ளியின் இணையதளத்தைத் தங்கைதான் எழுதினாள். விவரங்களை வைத்திருக்க மாடல், யாருக்கு எதைக் கொடுப்பது என்று முடிவுசெய்யக் கண்ட்ரோலர், கொடுத்ததைத் திரையில் காட்ட வியூ என மூன்று பகுதிகள். போன வாரம்தான் பெற்றோருக்குத் திறந்துவிட்டிருந்தார்கள்.

அக்கா மகளும் அந்தப் பள்ளிதான். புருஷனின் அடி தாங்காமல் பிள்ளையோடு வேறு ஊருக்கு ஓடிவந்தவள் அக்கா. மதிப்பெண்ணை மட்டும் அவன் பார்க்கலாம் என்று கோர்ட் சொல்லியிருந்தது. எந்தக் கிளை, எந்த விலாசம் என்பது அவன் கண்ணில் படக் கூடாது.

மத்தியானம் பூதக்கண்ணாடி வந்து நின்றாள். சோதனைப் பிரிவுக்காரி, இல்லாத குற்றத்தையும் தோண்டி எடுப்பாள் என்று அலுவலகமே வைத்த பெயர் அது. இன்றைக்கு அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"மதிப்பெண் மட்டும் பார்க்க அனுமதி உள்ள ஒரு அப்பா கணக்குல நுழைஞ்சு, பக்கத்தோட மூலத்தை, திரைக்குப் பின்னால இருக்கற எழுத்தைத் திறந்து பார்த்தேன். விலாசம் அப்படியே உக்காந்திருக்கு."

"நான்தான் மறைச்சுட்டேனே!"

"வியூல மறைச்சிருக்க. கண்ட்ரோலர் மொத்தத்தையும் வாரிக் கொடுத்துடுச்சே!"

அக்கா புருஷனுக்கும் கம்ப்யூட்டர் வேலைதான். தங்கை அவன் கணக்கைத் தேடினாள். நேற்றே வந்து, அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறந்திருந்தான்.

"தளத்தை மூடச் சொல்லு!" என்று கத்திவிட்டு அக்காவுக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக எடுத்தாள்.

"சொல்லுடி. பாப்பாவுக்குக் காய்ச்சல், ஸ்கூலுக்கு அனுப்பல. இரு, யாரோ கதவைத் தட்டுறாங்க."

"அக்கா, திறக்காதே! அவனுக்கு வீடு தெரிஞ்சுபோச்சு!"

அந்தப் பக்கம் கதவுக்கு வெளியிலிருந்து, தேனாய் இழையும் அந்தக் குரல் தங்கையின் காதுக்கே எட்டியது. "நான்தான். பாப்பாவைப் பார்த்துட்டுப் போயிடறேன்."

"உள் ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போடு. போனை வெச்சுடாதே," என்று கிசுகிசுத்தாள் தங்கை. பூதக்கண்ணாடி அதற்குள் தன் போனில் போலீசுக்கு விலாசம் சொல்லிக்கொண்டிருந்தாள். தட்டல் உதையானது. பிள்ளை வீறிட்டது. அக்காவின் மூச்சிரைப்பு மட்டும் காதில் மோத, தங்கை நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கதவு பெயர்வதற்குள் போலீஸ் வந்துவிட்டது. அவனைக் கூட்டிப்போனார்கள்.

தங்கை பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது அக்கா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கு எப்படிடி தெரிஞ்சது?"

"என்னாலதான்கா." தங்கை எல்லாவற்றையும் சொன்னாள். திரையில் மறைத்ததையும், கொடுக்கும் இடத்தில் தடுக்காமல் விட்டதையும்.

அக்கா துணிகளைப் பெட்டிக்குள் அமுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில், "புது வீட்டு விலாசத்தை உன்கிட்டகூடச் சொல்லப் பயமா இருக்குடி," என்றாள்.

தங்கை பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினாள்.