காரணம் என்ற கட்டம்

மணி பதினொன்றே கால். கல்லூரியின் மையக் கட்டடத்துப் படிகளை அவள் இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். கீழே உணவகத்தில் தட்டுகள் மோதிக்கொண்டிருந்தன. நகலெடுக்கும் கடையில் வரிசை வாசல்வரை நின்றது. முதல் மாடியில் டேபிள் டென்னிஸ் மேசை. அதைத் தாண்டிக் கோடியில் பெண்கள் ஓய்வறை.

ஒரு கட்டில், ஒரு நாற்காலி, உட்புறம் ஒரு தாழ்ப்பாள். அவளுக்கு வேண்டியது தாழ்ப்பாள்தான். ஐந்து மாதக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு ஆய்வுக்கு வருகிறவள். தினம் இரண்டு தடவை அந்த அறையில் உட்கார்ந்து பாலைப் பிழிந்து புட்டியில் எடுத்துக்கொள்வாள். மறுநாள் பகலில் குழந்தைக்கு அதுதான்.

கதவில் புதுப்பூட்டு தொங்கியது. மேலே ஒரு தாள்: 'முன்னாள் மாணவர் கூடம். பணி நடைபெறுகிறது.'

மார்பு கல்லாகக் கனத்தது. நேரே கட்டட அலுவலரிடம் போனாள். மூச்சு விடக்கூட முத்திரை குத்தித்தான் அனுமதிப்பார் என்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் முத்திரை.

"யாருமே வராத ரூமைச் சும்மா வெச்சிருந்து என்னம்மா பண்றது?" என்றார்.

"யாருமே வரலையா? நேத்து கட்டில்ல இடமில்லாம ஒரு பொண்ணு தரையில சுருண்டு கிடந்தா சார்."

"பதிவேடு அப்படிச் சொல்லலையே."

பதிவேட்டைத் திருப்பி அவள்முன் தள்ளினார். பெயர், நேரம், காரணம் என்று மூன்று கட்டங்கள். ஓய்வறைக்குப் போகிறவர்கள் எழுதவேண்டியது. வழக்கமாகப் படிக்கட்டுக் காவலாளியின் மேசையில் கிடக்கும். போகிறவன் வருகிறவன் எல்லாம் புரட்டலாம். எந்தப் பெண் அதில் வயிற்றுவலியை எழுதுவாள்? காவலாளி அந்தப் பக்கம் திரும்பும்போது நழுவி உள்ளே போய்விடுவார்கள். பக்கம் பக்கமாக இருந்தது அவள் கையெழுத்து மட்டும்தான். தலைவலி. தலைவலி. தலைவலி.

"ரெண்டு மாசமா நீங்க ஒருத்திதான். தினம் ரெண்டு வேளை தலைவலின்னா நல்ல டாக்டரா பாருங்கம்மா. கண்ணாடி போட்டா சரியாயிடும்."

அடுத்த மேசை எழுத்தர் களுக்கென்று சிரித்தார்.

முத்திரையை நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தவள், தன் எழுத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். எத்தனை அழகாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறாள்! இப்படி எழுது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. பாக்கெட் வாங்கக் கடையில் நின்று நாலு பேர் கேட்க 'பால்' என்று உரக்கச் சொல்கிற சொல், தன் உடம்பிலிருந்து வரும்போது மட்டும் எப்படி வாயடைத்துப்போனது? இவர் பூட்டியது இன்றைக்கு. அவள் இரண்டு மாதமாகப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தாள். முதல் தலைவலியை அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: பால். அடுத்ததை அடித்தாள். பால். தாள் கிழிகிற மாதிரி அழுத்தி, பால்.

"என்னம்மா இது! பதிவேட்டைக் கெடுக்கறீங்க!"

"காரணம் கேட்டிருக்கீங்கல்ல சார்? குழந்தைக்குப் பால் எடுக்க வந்தேன். அதான் காரணம்."

எழுத்தரின் சிரிப்பு நின்றது. முத்திரை குரலைத் தாழ்த்தினார். "அதெல்லாம் இதுல எழுதலாமா? பாத்ரூம்ல போய் எடுத்துக்கக் கூடாதா?"

"உங்க டிபன் டப்பாவை அங்க கொண்டுபோய்த் திறப்பீங்களா?"

சட்டையின் முன்புறம் நனைந்து பரவுவது அவளுக்கே தெரிந்தது. கையில் கோப்பு இருந்தது. அதைத் தூக்கி மறைத்துக்கொள்ளவில்லை. அவர்தான் பார்வையைக் கூரைக்குக் கொண்டுபோனார். கை தானாகவே இழுப்பறையைத் திறந்தது.

"இந்தாங்க சாவி. இன்னைக்கு ஒரு நாள் மட்டும்."

"அதை என் பொண்ணுகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க சார். நாளைக்கும் அவளுக்குப் பசிக்கும்."

சாவியை எடுத்தாள். பதிவேட்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"அதை எங்க எடுத்துட்டுப் போறீங்க?"

"உள்ள வரவங்க உள்ள எழுதட்டும்" என்றாள், நடந்துகொண்டே.