மாரடைப்பு அல்ல

பிரெஞ்சு உளவாளிகள் இருவரையும் தீவுக்கு அனுப்பிய வாரத்தில்தான் என் கணவரின் மரணச் சான்றிதழ் கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தது. 1986 ஜூலை. மூன்று வருடம் கடிதம் எழுதி எழுதிப் பெற்ற காகிதம். நியூசிலாந்தில், ஓக்லாந்து நகரின் பிளாக்ஹவுஸ் பே பகுதியில், அண்ணன் வீட்டுக் குசினி மேசையில் வைத்துப் பிரித்தேன். பெயர் சரி, தியாகலிங்கம். வயது நாற்பத்திரண்டு, தொழில் ஆசிரியர். தேதியும் சரி. காரணம் என்ற இடத்தில் மாரடைப்பு என்று இருந்தது.

அவர் மாரடைப்பில் சாகவில்லை. 1983 ஜூலை 25, திங்கட்கிழமை, தமிழர்களைத் தேடித் தேடி அடித்த கலவரத்தில், வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை பெருந்தெருவைத் தொடும் முகப்பில் வைத்து அவரை அடித்துக் கொன்றார்கள். நான் எதிர்வீட்டு மாடிச் சன்னலுக்குப் பின்னால் நின்றேன். அந்த வீட்டுச் சிங்கள அம்மா என் வாயைப் பொத்திப் பிடித்திருந்தார். ஒழுங்கைக்கு எதிரே ஒரு ஜீப் நின்றது. அதில் சீருடையோடு இருந்தவர்கள் இறங்கவில்லை. ஒருவர் சிகரெட் பற்றவைத்தார்.

என் தற்காலிக விசா ஆகஸ்டில் முடிகிறது. நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்க அந்தச் சான்றிதழ் வேண்டும். அண்ணன் செல்வரத்தினம் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். அது நிம்மதிப் பெருமூச்சு. ஓக்லாந்தில் என்னை விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் அவர் 'ஹார்ட்' என்றுதான் சொல்லிவந்தார். அவருடைய மனைவி, மச்சாள் வசந்தமலரின் தாய் தகப்பன் இன்னும் கொழும்பில் இருந்தார்கள். இங்கே கதைத்தது அங்கே எட்டினால் அவர்களுக்கு என்ன ஆகுமோ என்று அண்ணனுக்குப் பயம்.

"நாயகி, உதைக் குடுத்து விசாவை எடு. உண்மையைப் பிறகு கதைப்பம்."

"எப்ப அண்ணை?"

"அவனவன் ஒரு துண்டுக் கடுதாசி இல்லாமல் அலையிறான். நீ வந்த கடுதாசியிலை பிழை பிடிக்கிறாய்."

"பிழையெண்டால் திருத்தலாம். இது பொய்."

அந்த வருடங்களில் இந்த ஊரில் பொய் என்ற சொல்லுக்குப் பஞ்சமில்லை. முந்திய ஜூலையில், பசிபிக்கில் பிரான்ஸ் நடத்திய அணுகுண்டுச் சோதனையை எதிர்க்கப் போகவிருந்த கப்பலை எங்கள் துறைமுகத்திலேயே குண்டு வைத்து மூழ்கடித்தார்கள். ஒரு படப்பிடிப்பாளர் உள்ளே அகப்பட்டு இறந்தார். எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று பிரான்ஸ் இரண்டு மாதம் சொன்னது. பிறகு, எங்கள் ஆட்கள்தான், கட்டளைப்படி செய்தார்கள் என்று ஒத்துக்கொண்டது. அண்ணனுடைய பழைய பிரெஞ்சுக் காரான பேஜோவின் தூசியில் யாரோ விரலால் 'கொலைகாரர்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அண்ணன் அதைக் கழுவிக்கொண்டே, பாரிசிலிருந்து தனக்கு ஒரு கிறிஸ்மஸ் கார்ட்கூட வந்ததில்லை என்றார்.

பிடிபட்ட உளவாளிகள் இருவருக்கும், ஒரு ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும், பத்து வருடச் சிறை. ஒரு வருடம்கூட ஆகவில்லை, பசிபிக்கில் பிரான்சின் இராணுவத் தளம் இருந்த ஒரு தீவுக்கு மாற்றிவிட்டார்கள். மூன்று வருடம் அங்கே இருந்தால் போதுமாம். பதிலுக்கு பிரான்ஸ் மன்னிப்புக் கேட்கும், ஐரோப்பாவுக்குப் போகும் நியூசிலாந்து வெண்ணெயையும் மறிக்காது. நான் பென்ரோஸில் வெண்ணெய் பெட்டியடைக்கும் இடத்தில்தான் வேலை செய்தேன். என்னோடு நின்ற பீஜிக்காரி சவிதா ஒவ்வொரு பெட்டியையும் ஒட்டும்போது, இது அவனுக்கு ஒரு நாள், இது அவளுக்கு ஒரு நாள் என்று எண்ணினாள். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் அடுத்த பெட்டியை இழுத்து வைத்தேன்.

என் கணவர் உயர்தர வகுப்புக்கு ஐரோப்பிய வரலாறு படிப்பித்தவர். புரட்சியையும் நெப்போலியனையும் மாணவர்கள் தாங்களாகவே படித்துவிடுவார்கள் என்பார். அவர் நின்று படிப்பித்தது திரைஃபுஸ் விவகாரம். செய்யாத துரோகத்துக்காக திரைஃபுஸ் என்ற யூத அதிகாரியைத் தென்னமெரிக்கக் கரையில் ஒரு பாறைத் தீவில் அடைத்தது பிரெஞ்சு இராணுவம். அவன் நிரபராதி என்று தெரிந்த பிறகும், ஒரு அதிகாரி உட்கார்ந்து பொய்க் கடிதம் தயாரித்தான். நாலு வருடம் கழித்துக் கொண்டுவந்து மறுபடியும் விசாரித்து, மறுபடியும் குற்றவாளி என்றார்கள். உடனே மன்னிப்பும் கொடுத்தார்கள். அவன் வாங்கிக்கொண்டான்.

ஏன் வாங்கினான் என்று நான் ஒருநாள் சோறு போட்டபடி கேட்டேன். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கினால் ஒத்துக்கொண்டதாகாதா?

"வாங்காட்டில் சிறைக்குள்ளையே செத்திருப்பான்," என்றார். "ஆனால் வாங்கின கையோடை, நான் நிரபராதி, விடமாட்டன் எண்டு எழுதிக் குடுத்தான். ஏழு வருசம் விடேல்லை. கடைசியிலை தீர்ப்பை மாத்தினாங்கள்."

அன்று பென்ரோஸில் நின்றபடி இது ஞாபகத்துக்கு வந்தது. காகிதத்தைக் கிழிக்கத் தேவையில்லை. வாங்கின கையோடு எழுதிக் கொடுக்கலாம்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். ஆங்கிலத்தில், இரண்டு பக்கம். இணைத்திருக்கும் சான்றிதழில் உள்ள காரணம் பொய் என்று தொடங்கினேன். சன்னல், ஜீப், சிகரெட். மூன்று வருடமாக அண்ணனுக்கும் சொல்லாதது. சனிக்கிழமை காலை அதைச் சத்தியக் கூற்றாக்க, கையெழுத்துக்குச் சாட்சி வைக்கும் சமாதான நீதவானாகவும் இருந்த கடைக்காரர் ராம் பிரசாத்திடம் கொண்டுபோனேன். பாலும் பாணும் விற்கும் மேசையிலேயே அவர் வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தான் கையெழுத்துக்குத்தான் சாட்சி, உள்ளே இருப்பது பொய்யென்றால் தண்டனை எனக்குத்தான் என்று எச்சரித்தார். அது அவருடைய கடமை.

"மற்றக் காகிதத்தை எழுதியவருக்கு யாரும் இப்படிச் சொல்லவில்லை," என்றேன்.

அவர் பேனாவை என் பக்கம் திருப்பி வைத்தார்.

கூற்றை வாசித்துவிட்டு அண்ணன் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் நான் கேட்காமலே பேஜோவில் ஏற்றிக் குடிவரவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார். உள்ளே வரவில்லை. கவுண்டரில் இருந்த பெண், இரண்டும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கிறதே, எதை என் விண்ணப்பக் கோவையில் போடுவது என்று கேட்டாள். சந்தேகம் வந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம் என்றும் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

"இரண்டையும் போடுங்கள்," என்றேன்.

ஏழு மாதம் பதில் இல்லை. விசாவை இரண்டு தரம் நீட்டினார்கள். ஒவ்வொரு தரமும் மச்சாள் என் முகத்தைப் பார்க்காமல் தேத்தண்ணீர் வைத்தாள். மார்ச்சில் கடிதம் வந்தது, நிரந்தரமாகத் தங்கலாம் என்று. என் கூற்றைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அது கோவையில் இருக்கிறது. எனக்கு அது போதாது. ஆனாலும் இருக்கிறது.

அந்த வருடம் கணவரின் திவசத்துக்கு, மனுகாவ் பகுதிக்குப் புதிதாக வந்திருந்த சோதிலிங்கம் குடும்பத்தையும் அழைத்திருந்தோம். சாப்பாட்டுக்கு இருக்கும்போது சோதிலிங்கம், சின்ன வயதுதானே, என்ன வருத்தம் வந்து செத்தவர் என்று கேட்டார். வழக்கமாக அண்ணன் 'ஹார்ட்' என்று முந்திக்கொள்வார். அன்று அவர் பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்தார். நான் வாயைத் திறந்தேன்.

"வருத்தம் ஒண்டும் இல்லை," என்றார் அண்ணன். "அடிச்சுச் சாகடிச்சவங்கள். சீருடைக்காரர் பாத்துக்கொண்டு நிண்டவங்கள். என்ரை தங்கச்சி கண்ணாலை கண்டவள்."

மச்சாள் சுவரில் தொங்கிய, கொழும்பில் இருக்கும் தாய் தகப்பனின் படத்தைப் பார்த்தாள். பிறகு சோதிலிங்கத்தின் இலைக்கு இன்னும் கொஞ்சம் பருப்பு விட்டாள்.