சிவப்பு இல்லாத படம்

மண்ணூர்பேட்டையில் எத்திராஜ் பிரேக் லைனிங் கம்பெனியின் கண்ணாடி அறைக்குள் செருப்போடு போகக் கூடாது. முதலாளி எத்திராஜே வாசலில் கழற்றிவிட்டுத்தான் போவார். உள்ளே சாமி கிடையாது. ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, அதன் நெற்றியில் சந்தனப் பொட்டு இருந்தது, எதிரே சுரேகா இருந்தாள்.

முன்பு அங்கே ஒரு சோதனை மெஷின் நின்றது. பிரேக்கில் உரசி நிறுத்துகிற அந்த லைனிங் பட்டையைச் சுழலும் இரும்புத் தட்டில் அழுத்தி, அது கருகித் தேய்ந்து உயிரை விடும்வரை ஓட்டுவார்கள். ஒரே புகை, ஒரே நாற்றம். நட்சத்திர ஓட்டலில் கருத்தரங்கு ஒன்றுக்குப் போய், மூன்று வகை கேக்கும் சாப்பிட்டுவிட்டு வந்த எத்திராஜ், மறுநாள் தொழிலாளர்களைக் கூட்டி அறிவித்தார்: "இனிமே நம்ம கம்பெனியில எதுவும் தேயாது. எல்லாம் கம்ப்யூட்டர்லயே தேயும்." கைதட்டல் கேட்டது. மெஷின் எடைக்குப் போனது.

சுரேகா விருதுநகர்க்காரி. எம்.டெக். முடித்து, கொரட்டூரில் இன்னும் இரண்டு பெண்களோடு ஒரு ஃபிளாட்டில் குடியிருந்தாள். லைனிங் எவ்வளவு உரசும், எவ்வளவு சூடாகும், எவ்வளவு தேயும் என்பதைக் கணக்குப் போட்டு வண்ணப்படமாகக் காட்டுவது அவள் வேலை. சூடு குறைந்த இடம் நீலம், நடுத்தரம் பச்சை, அதிகம் சிவப்பு. இதைச் சின்னப் பிள்ளைக்கும் புரியவைக்கலாம். எத்திராஜுக்குப் புரியவைத்ததில்தான் வம்பு வந்தது.

புது லைனிங்கைப் பார்த்து ஆர்டர் கொடுக்கப் புனேயிலிருந்து ஆட்கள் வர நான்கு நாள் இருந்தது. அதில் சேர்த்திருந்த பிசின் முந்நூறு டிகிரிக்கு மேலே போனால் சிதைந்து வாயுவைக் கக்கும். அந்த வாயு லைனிங்குக்கும் இரும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி படிய, பிரேக் வழுக்கும். இந்த ரசாயனத்தையும் சேர்த்துக் கணக்கிட அந்தக் கம்ப்யூட்டருக்குப் பத்தொன்பது நாள் ஆகும். சுரேகா விஷயத்தைச் சொன்னாள்.

"கெமிஸ்ட்ரி எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. இப்பத்திக்கு ஃபிசிக்ஸ் மட்டும் ஓட்டு," என்றார் எத்திராஜ், மதியச் சாப்பாட்டில் கூட்டை ஒதுக்குகிறவர் மாதிரி.

ரசாயனத்தை அணைத்துவிட்டு ஓட்டினாள். அப்படியும் லைனிங்கின் ஓரத்தில் முந்நூற்று நாற்பது டிகிரி. திட்டுத் திட்டாகச் சிவப்பு.

"என்னம்மா இது, அம்மை போட்ட மாதிரி? சிவப்பு வேணாம். பார்ட்டி பயந்துருவான்."

"சார், சூடு அங்க நிஜமாவே..."

"சூட்டை யாரு மாத்தச் சொன்னா? கலரைத்தானே மாத்தச் சொல்றேன்."

நிறங்களுக்கு உச்ச அளவு முந்நூற்று ஐம்பது என்று வைத்திருந்தாள். அதை எழுநூறு ஆக்கினாள்; முந்நூற்று நாற்பது நடுத்தரமாகிவிட்டது. எண்கள் எதுவும் மாறவில்லை. படம் மட்டும் மழை பெய்த வயக்காடு மாதிரி பச்சையாகிவிட்டது. பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று ரயிலில் போகும்போது தனக்குத்தானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டாள்.

எத்திராஜ் அந்தப் படத்தைப் பத்தடி ஃபிளெக்ஸ் பேனராக அடித்து ஷெட்டில் கட்டினார். இடது பக்கம் லைனிங், வலது பக்கம் கைகூப்பிய எத்திராஜ். லைனிங்கைவிட அவர் கொஞ்சம் பெரிதாக இருந்தார். எந்த நிறம் எத்தனை டிகிரி என்று காட்டும் அளவுப் பட்டை அவருடைய தோளுக்குப் பின்னால் மறைந்துபோனது.

அதோடு விட்டாரா? புது லைனிங்கைத் தன் கம்பெனிக் கிரேனிலேயே மாட்டச் சொன்னார், வருகிற பார்ட்டியெல்லாம் பார்க்கட்டும் என்று. லைனிங் பதினாலு மாதம் உழைக்கும் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டதால், சனிக்கிழமைதோறும் கிரேன் பிரேக் எவ்வளவு தேய்ந்தது என்று அளந்து பார்க்கும் வழக்கம் ரத்து என்று நோட்டீஸ் ஒட்டினார்.

அதில் ரொம்பச் சந்தோஷப்பட்டவர் ஃபிட்டர் ஷவுகத் அலி. பூந்தமல்லிக்காரர், ஐம்பத்து மூன்று வயது. வாராவாரம் ஏணி ஏறிக் கிரேன்மேல் உட்கார்ந்து அளப்பது அவர் வேலை. "கம்ப்யூட்டருக்கு முட்டி வலி கெடையாது மேடம், எனுக்கு கீது. நல்லா இருப்பே நீ," என்று சுரேகாவை வாழ்த்தினார். பேனரைக் காட்டி, "நம்ம மொதலாளியும் லைனிங்கும் ஒரே மாதிரி கீறாங்க பாரு, ரெண்டும் தேயாது," என்று அவர் சொன்னதற்கு ஷெட்டே சிரித்தது.

மூன்றாவது மாதம் ஒரு நாள் ஷவுகத் அலி செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே எத்திராஜ் இரண்டு பார்ட்டிகளுக்கு இளநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"மேடம், லோடு எறக்கசொல்ல ஒரு மாதிரி கருகுற வாசனை வருது. நிறுத்தினா, ஒரு சாண் எறங்கித்தான் நிக்குது. இன்னான்னு உன் படத்துல கொஞ்சம் பாரேன்."

சுரேகா எத்திராஜைப் பார்த்தாள். எத்திராஜ் பார்ட்டியைப் பார்த்தார். பார்ட்டி இளநீரைப் பார்த்தது.

"சொல்லும்மா," என்றார் எத்திராஜ், சிரித்தபடியே. "நம்ம ஆளு சந்தேகம் கேக்குறாரு."

"சரியாத்தாண்ணே இருக்கு," என்றாள் சுரேகா. "பச்சைதான்."

"பச்சையா? அப்ப சரி. என் மூக்குதான் ரிப்பேர்," என்று சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை பத்தே காலுக்கு, கிரேனில் தொங்கிய, லைனிங் அழுத்தும் இரண்டு டன் இரும்பு அச்சு ஒன்று பிரேக்கில் நிற்காமல் இறங்கியது. கீழே ஷவுகத் அலி கட்டைகளைச் சரிசெய்துகொண்டிருந்தார். இடது கால், முட்டிக்குக் கீழே. சுரேகா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அறைக்குள் சத்தம் வராதபடி கட்டியிருந்ததால், அவர் வாய் திறந்து மூடியது மட்டும் தெரிந்தது.

மறுநாள் எத்திராஜ் அறைக்கு வந்தபோது செருப்பைக் கழற்றவில்லை.

"ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் புதன்கிழமை வர்றாரு. ஏன் விழுந்துச்சுன்னு கம்ப்யூட்டர்கிட்டயே கேட்டுருவோம். லைனிங்மேல எண்ணெய் பட்டிருந்தா வழுக்குமா, வழுக்காதா?"

"வழுக்கும் சார். ஆனா எண்ணெய் பட்டதா..."

"பட்டிருந்தான்னுதான் கேட்டேன்."

உராய்வைக் குறைத்துப் போட்டு ஓட்டினாள். ஷெட் கேமராவில் பதிவானபடி அச்சு விழ ஆன நேரம் இரண்டரை வினாடி. முதல் தடவை கம்ப்யூட்டர் நான்கு என்றது. எண்ணெயைக் கூட்டினாள். மூன்று என்றது. இன்னும் கூட்டினாள். இரண்டரை. கம்ப்யூட்டர் மாதிரி ஒரு நல்ல பிள்ளை உண்டா? சரியாகக் கேட்கத் தெரிந்தால் எதையும் ஒத்துக்கொள்ளும். பராமரிப்பின்போது ஃபிட்டரின் கை தவறி லைனிங்மேல் எண்ணெய் பட்டதே காரணம் என்று பன்னிரண்டு பக்க அறிக்கை தயாரானது. அதில் ஷவுகத் அலியின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அதை வாங்கிவரச் சுரேகாவைத்தான் அனுப்பினார், "நீன்னா அவருக்கு நம்பிக்கை" என்று. சாத்துக்குடி ஒரு கிலோவும் கொடுத்தனுப்பினார்.

ஆஸ்பத்திரி வார்டில் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. ஷவுகத் அலியின் மனைவி மஹ்பூபா கட்டிலோரம் உட்கார்ந்து அறிக்கையைப் புரட்டினாள். படங்களைத்தான் பார்த்தாள்.

இதை எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே நான்கைந்து விதமாக ஒத்திகை பார்த்திருந்தாள் சுரேகா. கடைசியில் எல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டது. ரசாயனத்தை அணைத்தது, சிவப்பைப் பச்சையாக்கியது, அன்றைக்கு வாசலில் அவர் வந்து கேட்டபோது தெரிந்தும் சொல்லாமல் இருந்தது, எல்லாம். "இதுல கையெழுத்துப் போடாதீங்கண்ணே. இன்ஸ்பெக்டர்கிட்ட நானே வந்து சொல்றேன்."



"அன்னிக்கு சொல்லியிருந்தா கால் இருந்திருக்கும்," என்றாள் மஹ்பூபா, குரலை உயர்த்தாமலே. "இப்ப சொன்னா இன்னா இருக்கும்? உன் மனசு லேசாவும். அவ்ளோதானேம்மா?"



"நேத்து மொதலாளி வந்தாரு," என்றார் ஷவுகத் அலி. "கேட்ல உக்கார்ற வேலை தர்றேன்னாரு. நாற்காலி போட்டு. நீ போய் உண்மையச் சொன்னேன்னு வெச்சுக்கோ, இன்ஸ்பெக்டர் கம்பெனிய மூடிடுவான். அப்பறம் எந்த கேட்ல போய் குந்துறது? ஒத்தக்கால் ஃபிட்டருக்கு இந்த எஸ்டேட்ல எவன் வேலை குடுப்பான்? சொல்லு."

"அண்ணே, உங்க தப்புன்னு ஆயிடும்ணே. இருபத்தி ரெண்டு வருஷ சர்வீஸ்..."

"தெரிது. பேனா குடு."

கையெழுத்தை நிதானமாகப் போட்டார். மூன்று இடத்தில் போட வேண்டியிருந்தது. மூன்றாவதில் எழுத்து கோணியதும், "இது செல்லுமா?" என்று கேட்டார். செல்லும் என்றாள்.

அவள் தாள்களை உறைக்குள் வைத்து எழுந்தபோது, அவர் அவள் துப்பட்டா நுனியைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு மேடம். இன்ஸ்பெக்டர் என்னைக் கேப்பான் இல்ல? இன்னா எண்ணெய்? கிரீஸா, கியர் ஆயிலா?"

சுரேகா மறுபடி உட்கார்ந்தாள். "கியர் ஆயில்."

"எத்தினி?"

"நாப்பது மில்லி."

"எந்தக் கையால சிந்தினேன்?"

அதைக் கம்ப்யூட்டரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

"வலது கைன்னே வெச்சுக்கலாம்," என்றார் ஷவுகத் அலி. "மஹ்பூபா, நீயும் ஞாபகம் வெச்சுக்கோ. கியர் ஆயிலு, நாப்பது மில்லி, வலது கை."

மஹ்பூபா சாத்துக்குடி ஒன்றை உரித்தபடியே அதைத் திருப்பிச் சொன்னாள். நாற்பதுக்குப் பதில் முப்பது என்று வந்துவிட்டது. அவர் திருத்தினார். அவள் மறுபடி சொன்னாள்.